தொட்டிக்குப் போன உப்பு

திருப்பூர் சின்னக்காட்டு வீதியின் நாற்பத்தோரு வீட்டு உப்பும், ஒரு புதன்கிழமை காலையில், பால் பாக்கெட் வந்ததற்குப் பிறகும் பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன்பும், அந்தந்த வீட்டு அடுப்பங்கரையை விட்டுவிட்டு நாச்சிமுத்து மாஸ்டரின் கண்ணாடித் தொட்டியின் பொறுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஏன் போனது என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, பின்னாலும் கேட்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: மாஸ்டர் தன் வீட்டு முன்னறைத் தொட்டியில் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் என்று நிறுத்து, முந்நூறு லிட்டருக்கும் கடலுப்பைக் கரைத்து, கையை உதறித் துடைத்த அந்த நிமிஷம் முதல், வீதியில் உப்பே போடாத ரசத்திலும் உப்பு இருந்தது, ஒரு கை அள்ளிப் போட்ட சாம்பாரிலும் அதே உப்புத்தான் இருந்தது, மறந்துபோய் இரண்டு தடவை போட்ட பொரியலிலும் அதற்கு மேல் ஒரு கல்லளவு ஏறவில்லை. தொட்டியில் கடலளவு என்றால் தட்டில் நாக்களவு, அதுதான் கணக்கு.

வீதி இதைப் பழகிக்கொள்ள மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் பெண்கள் ஒருத்தர் வீட்டுக் குழம்பை இன்னொருத்தர் உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்தார்கள், இரண்டாம் நாள் உப்பு ஜாடிகளைக் கழுவிப் பரணில் ஏற்றினார்கள், மூன்றாம் நாள் 'உப்பேய், கோலமாவேய்' என்று மொபெட்டில் வருகிற ஆள் வீதி முனையிலேயே முதல் சொல்லை விழுங்கிவிட்டு இரண்டாவதை மட்டும் கூவிக்கொண்டு உள்ளே நுழைந்தார். மேற்கே பேக்கரி வாசல் மின்கம்பம், கிழக்கே சாக்கடைப் பாலம், இவற்றுக்கு இடையில் கொதிக்கிற பாத்திரம்தான் தொட்டியின் பேச்சைக் கேட்கும் என்று கண்டுபிடித்தவர் ராக்கியப்பன். ரத்தக்கொதிப்புக்காக டாக்டர் அவருக்கு உப்பை அடியோடு நிறுத்தச் சொல்லியிருந்ததால், அவர் ஒற்றை அடுப்பையும் ஒரு குடையையும் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு அந்தப்பக்கம் போய்க் கஞ்சி காய்ச்சிக்கொண்டார், அங்கே போகிற வருகிறவர்களோடு பேச்சு கொடுத்துக்கொண்டார், வீட்டில் இருந்ததைவிட அங்கே சௌகரியமாகவே இருந்தார். கல்யாணமாகி நான்கு மாதமான ஷர்மிளா, உப்பு விஷயத்தில் மாமியாரிடம் வாங்காத பேச்சு இல்லை, அந்த வாரம் அவள் வைத்த பருப்புக்கு மாமியார் வாயைத் திறக்காமல் இரண்டாவது கரண்டி கேட்டார். பேக்கரிக்காரர் அன்றைய பலகாரங்களை எழுதுகிற கரும்பலகையின் மேல்மூலையில் 'உப்பு 35' என்று எழுதி ஒரு கட்டம் போட்டார், அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜனங்கள் உலை வைத்தார்கள்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், மாஸ்டரின் மனைவி மகுடேஸ்வரியைத் தவிர.

காரணம் இருந்தது. அந்த வீதியில் காதுகுத்தோ வளைகாப்போ புதுமனைப் புகுவிழாவோ எது நடந்தாலும், சமையல்காரர் எந்த ஊரிலிருந்து வந்தவராக இருந்தாலும், பந்தி போடுவதற்கு முன்னால் அண்டாவுக்குக் கடைசிக் கை உப்பு மகுடேஸ்வரியின் கையிலிருந்துதான் விழ வேண்டும். இருபத்தாறு வருஷமாக அதுதான் வழக்கம். விசேஷ வீட்டிலிருந்து யாராவது வந்து, "மகுடக்கா, உப்புப் பாக்க வாங்க" என்று கூப்பிடுவார்கள். அவள் புடவை மாற்றிக்கொண்டு போவாள். கரண்டியில் எடுத்து வாயில் வைக்க மாட்டாள், சாமிக்குப் படைக்காததை எப்படித் தொடுவது, ஆவியில் முகத்தைக் காட்டி ஒரு தடவை மூச்சிழுப்பாள், பிறகு கையை உப்பில் விட்டு எடுத்து விரல்களைத் தளர்த்துவாள், அவ்வளவுதான். அவள் கை ஓங்கினதும் இல்லை, சுருங்கினதும் இல்லை. அவளுக்குப் பாட வராது, கோலம் சுமார்தான், பேச்சில் கொஞ்சம் வெடுக்கென்று இருப்பாள், ஆனால் உப்பு என்று வந்தால் அந்த வீதியில் அவளுக்கு மேல் ஆள் கிடையாது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவள் நிமிர்ந்து நடந்தாள்.

தொட்டி வந்த மூன்றாவது வாரம் நாலு வீடு தள்ளி ஒரு வளைகாப்பு. மகுடேஸ்வரி பத்து மணிக்கே புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, பந்தி முடிந்து வாழையிலைகளை வெளியே கொண்டுபோய்ப் போடுகிற சத்தமும் கேட்டது. யாரும் வரவில்லை. அவர்கள் பேரில் தப்பில்லை, போடுவதற்கு உப்பு என்று ஒன்று இருந்தால்தானே கூப்பிடுவதற்கு? சாயங்காலம் அந்த வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் சாம்பார் சாதம் கொடுத்தனுப்பினார்கள். ஒரு வாய் தின்றாள். அளவு சரியாகத்தான் இருந்தது. பெரிய ஓட்டல் சாப்பாடு மாதிரி, யார் கையும் படாத ஓர் அளவு. மிச்சத்தை மூடி வைத்துவிட்டு, அந்தப் புடவையோடேயே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

மாஸ்டருக்கு இது எதுவும் தெரியாது. மனுஷர் தொட்டிக்குள்ளேயே குடியிருந்தார்.

முப்பத்திரண்டு வருஷம் சாயப்பட்டறையில் மாஸ்டர் வேலை பார்த்தவர் நாச்சிமுத்து. தண்ணீருக்குச் சிவப்பு கொடுத்திருக்கிறார், நீலம் கொடுத்திருக்கிறார், வெளிநாட்டுக்காரன் அனுப்பிய துண்டுத் துணியைக் கண்ணால் பார்த்தே அதே பச்சையைக் கொண்டுவந்திருக்கிறார். ஓய்வு பெற்ற அன்று மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மனைவியிடம் ஒன்று சொன்னார். "மகுடு, இத்தன வருசத்துல என் கைக்கு வந்த தண்ணி எதுவும் உசுரோட திரும்பிப் போனதில்ல. ஒரே ஒரு தொட்டித் தண்ணியாச்சும் உசுரோட வெச்சுப் பாக்கோணும்." மகுடேஸ்வரிக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்ததால்தான் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கோயமுத்தூரில் தொட்டியும் கல்லும் மணலும் விற்ற கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்: கடல் தொட்டி என்றால் முதல் ஒரு மாதம் எதுவும் செய்யக் கூடாது. ஒற்றை இறாலை உள்ளே அழுக விட வேண்டும். அதிலிருந்து அம்மோனியா கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கல்லிலும் மணலிலும் பெருகி அதைத் தின்று இன்னொரு விஷமாக்கும். வேறொரு கூட்டம் அந்த விஷத்தையும் தின்று சாதுவாக்கும். அதுவரை மூடியை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது ஒரு சாய மாஸ்டருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது. சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டு விட்டுக் குலுக்கி, மாறுகிற நிறத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது ஒன்றுதான் அவருக்கு ஆறுதல். கடை அட்டையில் ஆறு நிறம்தான் இருந்தது, மாஸ்டருக்கு அதற்கு நடுவே நாற்பது நிறம் தெரிந்தது. "இன்னிக்குக் கிளிப்பச்சைல இருந்து எலுமிச்சைக்கு எறங்கிருச்சு மகுடு" என்று உள்ளே பார்த்துக் கத்துவார். தண்ணீரின் காரத்தன்மை ஒரு பங்கு குறைந்ததும் பழைய வழக்கத்தில் அதை ஏற்றுகிற சோடா ஆஷ் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கடைக்காரர் போனில் அலறினார். "மாஸ்டர், நம்பரத் தொரத்தாதீங்க! அது தானா நிக்கும், நீங்க அந்தப் பக்கம் போயிருங்க!"

ஒரு மாதத்தில் தண்ணீர் தெளிந்தது. மாஸ்டர் நான்கு நத்தையும், ஆரஞ்சுப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீனும், கடைத் தொட்டியிலேயே வளர்த்து வெட்டிய பவளத்துண்டு ஒன்றும் கொண்டுவந்து விட்டார். அந்தப் பவளம், பச்சைப் பொத்தான்களை நெருக்கி வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. விளக்கைப் போட்டதும் ஒவ்வொரு பொத்தானும் ஓரத்தில் சின்ன மயிரிழைகளை விரித்துத் திறந்துகொண்டது. துணிக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிற பட்டறை வைத்திருக்கிற சென்னியப்பன்கூட, அவர்தான் வீதிச் சங்கத்துக்குத் தலைவர், வந்து பார்த்துவிட்டு, "நம்ம மெசின்ல இவ்வளவு நெருக்கமா அடிக்க முடியாதுங்" என்று ஒத்துக்கொண்டார். உயிருள்ள தண்ணீர்! மாஸ்டர் அன்றைக்கு முழுக்கச் சோறு தின்னவில்லை. மகுடேஸ்வரி தூரத்தில் நின்று பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்தது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது.

சித்திரை வெயில் பிறந்தது. தண்ணீர் சூடாகிவிடக் கூடாது என்று கடைக்காரர் சொன்னபடி மாஸ்டர் மூடியைக் கழற்றி, தொட்டியின் தலைமாட்டில் ஒரு மேஜை விசிறியை வைத்தார். விசிறிக் காற்றில் தண்ணீர் குளிர்ந்தது, குளிர்ந்ததோடு தினம் நாலு லிட்டர் காணாமலும் போயிற்று. மாஸ்டருக்கா தெரியாது? தொட்டியில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முப்பத்திரண்டு வருஷம் செய்தவர். சாயத் தொட்டியில் ஒவ்வொரு தடவை தண்ணீரை இறக்கும்போதும் உப்பும் கூடவே போய்விடும், அதனால் ஊற்றுகிற ஒவ்வொரு லிட்டரும் அதற்குரிய உப்போடுதான் உள்ளே போக வேண்டும். எனவே மாஸ்டர் தினம் காலையில் சுத்தத் தண்ணீர் நாலு லிட்டர் பிடித்து, தராசில் நூற்று நாற்பது கிராம் உப்பை ஒரு துளி கூடாமல் குறையாமல் நிறுத்து, கரைத்து, பயபக்தியோடு ஊற்றினார். உப்பு பார்க்கச் சொல்லி ஒரு கண்ணாடிக் கருவியைக் கடைக்காரர் கொடுத்திருந்தார், அதை அவர் பெட்டியிலிருந்து எடுக்கக்கூட இல்லை. தராசில் நிறுத்துப் பழகினவனுக்குக் கருவி எதற்கு? பேக்கரிக்கு, "முப்பத்தஞ்சு" என்று தினம் சொல்லி அனுப்பினார்.

ஒரு வாரத்தில் வீதியின் முகம் கோணத் தொடங்கியது. இட்லி கரித்தது, உப்புமா கரித்தது, பேக்கரியில் கொதித்த டீயே லேசாகக் கரித்தது. ஜனங்கள் முதலில் தங்கள் நாக்கைச் சந்தேகித்தார்கள், பிறகு மருமகள்களைச் சந்தேகித்தார்கள், ஷர்மிளாவின் மாமியார் கரண்டியை டொக்கென்று வைத்தார், பிறகு எல்லோரும் சேர்ந்து கரும்பலகையைச் சந்தேகித்தார்கள். "போர்டுல முப்பத்தஞ்சுங்குது, வாயில ராமேசுவரமே இருக்குது" என்றார் பேக்கரிக்காரர். தண்ணீர்க் குடங்கள் ஒரு நாளுக்கு இரண்டாகக் காலியாயின. பாலத்துக்கு அந்தப்பக்கம் ராக்கியப்பனின் அடுப்புக்குப் பக்கத்தில் இன்னும் ஒன்பது அடுப்புகள் சேர்ந்தன, ஒன்பது குடைகள் விரிந்தன, அடுத்த வீதிக்காரர்கள் எங்கள் இடத்தில் ஏன் புகை போடுகிறீர்கள் என்று சண்டைக்கு வந்தார்கள். பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை, சென்னியப்பன் மாஸ்டரின் வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"மாஸ்டரு, தப்பா நெனைக்காதீங்க. ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு நம்ம பட்டறையில கூட்டம் போட்டிருக்கறமுங்க. தொட்டிய எறக்கிப்போடறதுன்னு முடிவாயிருக்குதுங். சனங்க எத்தன நாளைக்குத் தாங்குவாங்க, சொல்லுங்க?"

மாஸ்டர் தொட்டியையே பார்த்தார். அவருக்கு அதைவிடப் பெரிய துக்கம் இருந்தது. பவளம் மூன்று நாளாகத் திறக்கவில்லை. பச்சைப் பொத்தான் எல்லாம் உள்ளே சுருங்கி, சாயம் போன துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. இரண்டு கோமாளி மீனும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயை வாயைத் திறந்தன. அவர் அம்மோனியா பார்த்தார், எலுமிச்சை மஞ்சளாக, விஷமில்லாமல் இருந்தது. காரம் பார்த்தார், சரியாக இருந்தது. சுண்ணாம்பு பார்த்தார், அதுவும் குறையவில்லை. கடைக்காரரிடம் கேட்டபோது அவர், "உப்பு எத்தன மாஸ்டர்?" என்றார். இவர், "தராசுல நிறுத்துத்தான் போடறனுங்க" என்றார். அவரும், மாஸ்டர் நிறுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் மகுடேஸ்வரி கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டாள். எழுந்து பார்த்தால் குழம்பு பாதியாகச் சுண்டிக் கிடந்தது. பழைய பழக்கத்தில் கை தானாக வெந்நீர்ச் சொம்புக்குப் போனது; சுண்டினால் உப்பு ஏறுமே, வெந்நீர் விட்டால்தானே இறங்கும். சொம்பைத் தூக்கின பிறகுதான், இப்போதெல்லாம் சுண்டினாலும் ஏறாது, அந்த வேலை தன்னிடம் இல்லை என்பது ஞாபகம் வந்தது. அலுத்துக்கொண்டே கதவு வழியாக முன்னறையைப் பார்த்தாள். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காலையில் ஊற்றாததால் தண்ணீர் கோட்டுக்குக் கீழே அரை விரல் இறங்கியிருந்தது. அவள் புருஷன், நாளைக்கு இறக்கப்போகிற தொட்டிக்கு, தராசுத் தட்டில் உப்பை வைத்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொம்பு அவள் கையிலேயே நின்றது. அட, இந்த மனுஷன் சுண்டின குழம்புக்கு உப்புத் தண்ணியல்லவா ஊத்திக்கொண்டிருக்கிறான்!

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். வாயைத் திறக்கவில்லை. சோறு போட்டாள், அவர் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்தார், அவள் தட்டைக் கழுவினாள். சொன்னால் தொட்டி பிழைக்கும். தொட்டி பிழைத்தால் உப்பு அதனிடமே இருக்கும், இந்த வீதியில் இனி எந்த அண்டாவும் அவள் கைக்காகக் காத்திருக்காது. சொல்லாவிட்டால் இன்னும் ஒரே நாள். தொட்டியை வடித்துவிடுவார்கள், உப்பு அவரவர் ஜாடிக்குத் திரும்பும், அடுத்த விசேஷத்துக்கு யாராவது வாசலில் வந்து மகுடக்கா என்பார்கள். அவளாக ஒரு துரும்பையும் தூக்கிப்போட வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். அன்றைக்கு முழுக்க அவள் சும்மா இருந்தாள், அப்படி ஒரு களைப்பான நாளை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மாஸ்டர் ஒரு ரப்பர் குழாயும் பெரிய பிளாஸ்டிக் டிரம்மும் கொண்டுவந்து தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "அவங்க வந்து கை வெக்கறதுக்கு முன்னால நானே எறக்கிப்போடறேன் மகுடு" என்றார். "என்னோட ராசி அவ்வளவுதான். என் கைக்கு வந்த தண்ணி எதும் பொழைக்காது." குழாயின் முனையைத் தண்ணீருக்குள் விட்டார்.

மகுடேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று வந்தாள், ஆள்காட்டி விரலைத் தொட்டியில் முக்கி நாக்கில் வைத்தாள், முகத்தைச் சுளித்தாள்.

"ராசியுமில்ல, ஒரு மண்ணுமில்லீங்க. உப்பு ஆறுல ஒரு பங்கு எச்சாக் கெடக்குது."

"தராசுல நிறுத்து..."

"தராசக் கொண்டுபோய்ப் பரண்ல போடுங்க! விசிறிக்குத் தண்ணிதான போகுது, உப்பு எங்க போகுது? அது உள்ளயேதான் குந்தியிருக்குது. கொழம்பு சுண்டினா வெறும் வெந்நிய விடுவாங்களா, மறுக்கா உப்புத் தண்ணியக் கரைச்சு விடுவாங்களா?"

மாஸ்டர் அவளைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கிழித்துக் கண்ணாடிக் கருவியை வெளியே எடுத்து, ஒரு சொட்டு விட்டு, சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். நாற்பத்தொன்று. மனசுக்குள் வகுத்துப் பார்த்தார். முப்பத்தைந்துக்கு மேல் ஆறில் ஒரு பங்கு. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து மத்தியானம்."

"நேத்தே சொல்லியிருக்கலாமல்லோ?"

"சொல்லியிருக்கலாம்" என்றாள் மகுடேஸ்வரி. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது ஒரே மூச்சில் வந்தது. "ஏனுங்க சொல்லோணும்? உங்க தொட்டி வந்து என் கையப் பறிச்சுப்போடுச்சு. வளைகாப்புக்குப் பொடவ கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், ஒருத்தரும் கூப்பிடல. உங்களுக்கு அது தெரியுங்களா? பச்ச எலுமிச்சையாச்சு, எலுமிச்ச வெள்ளையாச்சுன்னு கத்துனீங்களே, ஊட்டுக்குள்ள ஒருத்தி மொகம் என்ன நெறத்துல இருக்குதுன்னு பாத்தீங்களா?"

நாற்பது நிறம் தெரிந்த மனுஷர் அப்போதுதான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "பாக்கல மகுடு" என்றார். "நெசமாப் பாக்கல." எழுந்து, ஊற்றுகிற குவளையைக் கழுவி, அவள் கையில் கொடுத்தார். "இனி இதுல தண்ணி ஊத்தறது நீதான். நான் நெறத்த மட்டும் பாத்துக்கறேன்."

பத்து மணிக் கூட்டத்துக்கு இரண்டு பேரும் போனார்கள். காஜா மெஷின்களுக்கு நடுவில் வீதியே நின்றுகொண்டிருந்தது. சென்னியப்பன் தொண்டையைச் செருமுவதற்குள் மகுடேஸ்வரி பேசினாள். "ஆறு நாள் குடுங்க. உப்ப நான் எறக்கித் தர்றேன்."

"இன்னிக்கே எறக்கக் கூடாதுங்களாக்கா?" என்றார் பேக்கரிக்காரர். "டீ வெக்க முடியலீங்."

"ஒரே நாள்ல எறக்குனா அந்தச் சீவனுக தாங்காது. சுண்டுன கொழம்புல ஒரு கொடத் தண்ணியக் கவுத்தா என்னாகும்? தண்ணி தனியா நிக்கும், கொழம்பு தனியா நிக்கும். நாளுக்கு ஒரு படிதான். அதுவரைக்கும் பொறுக்க மாட்டாதவங்க பாலத்துக்கு அந்தப்பக்கம் போங்க. ராக்கியப்பண்ணன் எடம் குடுப்பாரு."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. யாரோ ஒரு அம்மாள் பின்னாலிருந்து, "மகுடக்கா பாக்கறதுன்னா செரி" என்றாள். இன்னொருத்தி, "ஆமாங், அவீங்க கைன்னா செரி" என்றாள். சென்னியப்பன் தலையை ஆட்டினார். மகுடேஸ்வரி யார் முகத்தையும் பார்க்காமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் இறங்கின பிறகுதான் மூக்கை உறிஞ்சினாள்.

தினம் காலையில் அவள் தொட்டியிலிருந்து எட்டு லிட்டரை டிரம்மில் இறக்கினாள், அதற்கும் விசிறி தின்றதற்கும் சேர்த்து வெறும் தண்ணீரை மெல்ல மெல்லக் குவளையால் ஊற்றினாள், விரலை முக்கி நாக்கில் வைத்தாள். பேக்கரிப் பலகையில் நாற்பது என்று விழுந்தது, மறுநாள் முப்பத்தொன்பது, வீதி திருவிழாவுக்கு நாள் எண்ணுகிற மாதிரி எண்ணியது. முப்பத்தெட்டில் டீ டீயாயிற்று. முப்பத்தேழில் பாலத்துக்கு அந்தப்பக்கத்துக் குடைகள் ஒவ்வொன்றாக மடங்கி வீட்டுக்கு வந்தன. ராக்கியப்பன் மட்டும் தனியாக விடப்பட்டதில் மனம் நொந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. முப்பத்தாறில் மீன்கள் அடித்தளத்துக்கு இறங்கி ஒன்றையொன்று துரத்தின. ஆறாம் நாள் கருவி முப்பத்தைந்து என்றது, மாஸ்டர் "போதும் மகுடு" என்றார். அவள் போதும் என்று சொல்லவில்லை. இன்னொரு குவளை ஊற்றினாள். கருவியின் கோடு அசையவில்லை. அரைக் குவளை ஊற்றினாள். விரலை முக்கினாள், கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், பிறகு குவளையைக் கவிழ்த்து வைத்தாள். மாஸ்டர் விளக்கைப் போட்டார். வெளுத்துக் கிடந்த பவளத்துண்டில் முதலில் ஒரே ஒரு பொத்தான் விளிம்பை விரித்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துப் பொத்தானும் விரிந்தது, சீக்கிரமே பாதிக்கு மேல் பச்சையாகிவிட்டது. மாஸ்டர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அவர் சிரித்துக்கொண்டும் இருந்தார்.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஷர்மிளா ஒரு கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். மாமியாருக்குத் தெரியாமல் வந்தவள் மாதிரி நிற்காமல், மாமியாரே அனுப்பி வைத்தவள் மாதிரி நின்றாள்.

"அக்கா, நான் வெச்ச ரசமுங்க. ஊட்டுல எல்லாரும் குடிச்சுப்போட்டு, ஏம்புள்ள மகுடக்காவா வந்து வெச்சுக் குடுத்தாங்கன்னு கேக்கறாங்க. நானேதான் வெச்சேன்னா நம்ப மாட்டீங்கறாங்க. நீங்களே குடிச்சுப் பாருங்களே."

மகுடேஸ்வரி கிண்ணத்தை வாங்கினாள். சன்னலுக்கு வெளியே வீதியில் அது சாப்பாட்டு நேரம். நாற்பத்தோரு வீட்டிலும் தட்டு வைக்கிற சத்தம், கரண்டி சத்தம், யாரோ யாருக்கோ இன்னும் கொஞ்சம் ஊத்து என்கிற சத்தம். ஒரு மடக்குக் குடித்தாள். தக்காளி பிந்திப் போட்டிருக்கிறாள் பெண், மிளகு இன்னும் கொஞ்சம் நுணுக்கியிருக்கலாம். ஆனால் உப்பு, அது தன் கை உப்பு. எங்கே கண்டாலும் தெரியும். ஐம்பத்திரண்டு வயதில், அடுப்புச் சூடு படாமல், நெற்றி வியர்க்காமல், உட்கார்ந்த இடத்தில் இன்னொருத்தி கையில் வாங்கித் தன் கைப்பக்குவத்தைச் சாப்பிடுவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமாக இந்த ஜனங்கள் எதற்காகத் தன்னைத் தேடி வந்தார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கிண்ணத்தைக் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துக் குடித்தாள். பிறகு, விருந்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்த ஓரம்பரை மாதிரி, கூச்சமே இல்லாமல் அதை நீட்டினாள்.

"இன்னும் இருக்குதா கண்ணு?"